சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவு ஒன்று, நேரம் பல

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று இணையத்தில் தேடினால், ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்று விடை வரும். ஆனால் 2018-இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க்குக்கு இடைநில்லா விமானத்தை மீண்டும் இயக்கத் தொடங்கியபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் பயணத் தொலைவு சுமார் 16,700 கிலோமீட்டர் என்றும், பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றும் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி கிளம்பிய முதல் விமானமோ 18 மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்து போய்ச் சேர்ந்தது. நியூவார்க்கும் கென்னடியும் ஒரே பெருநகரத்துக்கு உரிய இரண்டு விமான நிலையங்கள். இரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியிருக்க, தொலைவில் மட்டும் 1,350 கிலோமீட்டர் வேறுபாடு எப்படி வந்தது? அறிவித்த நேரமும் பறந்த நேரமும் ஏன் ஒத்துப்போகவில்லை?

இந்த எண்களில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. தரையில் பயணம் செய்து பழகிய நாம், தொலைவு தெரிந்தால் அதை வேகத்தால் வகுத்து நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். நெடுந்தொலைவு விமானப் பயணத்தில் இந்த வகுத்தல் தொடக்கப் புள்ளி மட்டுமே. அதற்குப் பிறகு காற்றும், எரிபொருளின் எடையும், கீழே இருக்கும் நாடுகளின் அரசியலும் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கின்றன. உலகில் இன்று இடைநிற்காமல் இயங்கும் வழக்கமான பயணிகள் விமானங்களில் மிக நீண்ட தொலைவைக் கடப்பது சிங்கப்பூர் – கென்னடி விமானம்தான் என்பதால், இவை அனைத்தையும் இந்த ஒரே வழித்தடத்தில் பார்த்துவிட முடியும்.

முதலில் அந்த 15,350 கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது இலங்கையை ஒட்டிச் சென்று, ஏடன் பக்கமாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, சகாராவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து போய்ச் சேரும். பார்வைக்கு இதைவிட நேரான வழி இல்லை என்று தோன்றும். ஆனால் வரைபட அறிஞர் மெர்கேட்டர் 1569-இல் வகுத்த முறையில் வரைந்த படத்தில் இந்த நேர்கோட்டின் உண்மையான நீளம் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது நேரும் திரிபு இது.

பள்ளிக்கூடங்களில் இருக்கும் உலக உருண்டை ஒன்று கையில் கிடைத்தால், நூல் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கின் மேல் வைத்து இழுத்தால், நூல் முதலில் பக்கவாட்டில் வளைந்து கிடக்கும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் அது வழுக்கிக்கொண்டே மேலேறி, உருண்டையின் உச்சியில் திருகாணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நான் முதன்முறை இதைச் செய்து பார்த்தபோது, நூலின் இரு முனைகளும் இடம் மாறிவிட்டனவோ என்று மறுபடி சரிபார்த்தேன். இறுகிய நூல் காட்டும் அந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி அதுதான். சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பும் அந்தப் பாதை தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றின் மேல் சென்று, வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, கியூபெக் என்று நேர் தெற்கே இறங்குகிறது.

இந்த இரு ஊர்களின் இருப்பிடத்தில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. சாங்கி ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், கென்னடி ஏறத்தாழ 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது பூமிப்பந்தில் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். இதனால் கணிப்பொறி இல்லாமலே தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். சிங்கப்பூரின் அட்சரேகை 1.4 பாகை வடக்கு. அங்கிருந்து துருவம் 88.6 பாகை. நியூயார்க்கின் அட்சரேகை 40.6 பாகை வடக்கு. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,345 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் கணக்கில் சேர்க்கும் இணையதளங்கள் தரும் எண்ணோடு இது ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. பூமியின் மேல் எந்த இரு இடங்களுக்கும் இடையிலான மிக நீண்ட தொலைவே சுமார் 20,000 கிலோமீட்டர்தான். இந்த ஒரு விமானம் அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இறங்காமலே கடக்கிறது.

தொலைவு கிடைத்துவிட்டது, இனி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழித்தடத்தில் இயக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.85 பங்கு வேகத்தில் பறக்கும். பதினோராயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் ஒலியே மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். காற்றே வீசாத வானத்தில், எந்த நாடும் குறுக்கே நிற்காமல், கிளம்பியதிலிருந்து இறங்கும் வரை ஒரே வேகத்தில் பறந்தால் ஆகும் நேரம் இது. நடப்பில் அப்படி ஒரு பயணம் கிடையாது.

காற்றைப் பற்றிப் பேசும் முன், பலரும் கேட்கும் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் சும்மா மேலே நின்றாலே ஊர் தானாக வந்து சேராதா என்பது அந்த ஐயம். நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பது உண்மை. ஆனால் அதன்மேல் போர்த்தியிருக்கும் காற்று மண்டலமும் அதே சுழற்சியோடு சேர்ந்தே செல்கிறது. அதற்குள் மிதக்கும் விமானமும் அப்படியே. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ, பெட்டியின் பின்சுவரில் மோதுவதில்லை அல்லவா? ஆகவே பூமியின் சுழற்சி நேரடியாக ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தித் தருவதில்லை. மறைமுகமாகத் தருவது உண்டு. நிலநடுக்கோட்டில் சூடேறித் துருவத்தை நோக்கி நகரும் காற்றை அந்தச் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. அதனால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் ஓடும் காற்றாறுகள் உருவாகின்றன. ஜெட் காற்றோட்டம் என்று இவற்றைச் சொல்கிறோம்.

இவற்றை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி. 1920-களில் ததேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை மேலே போகப் போக எவ்வளவு வேகமாகக் கிழக்கே அடித்துச் செல்லப்படுகின்றன என்று கணக்கிட்டார். தன் கண்டுபிடிப்பு உலகெங்கும் படிக்கப்பட வேண்டும் என்று எண்ணி அதை உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்போர் மிகச் சிலரே என்பதால், அது வெளியுலகின் கவனத்துக்கு வராமலே கிடந்தது. 1944-இல் ஜப்பான்மீது உயரமாகப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள், தங்கள் விமானங்கள் எதிர்பாராத வேகத்தில் தள்ளப்படுவதைக் கண்டு திகைத்தார்கள். ஓய்ஷி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த காற்று அது.

குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலும் வடபசிபிக்கிலும் இந்தக் காற்று சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதன் வலிமை விமானிகளுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு அட்லாண்டிக்கிலிருந்து ஒரு சான்று: 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் பயணம் அது. அந்த விமானத்தின் தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. இருந்தும் அது ஒலியை மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது, காற்றுதான் அதைச் சுமந்துகொண்டு ஓடியது. எதிர்த்திசையில் வருகிற விமானத்துக்கு அதே காற்று அதே அளவு தடையாகிவிடும்.

இப்போது 16,700 கிலோமீட்டரின் பொருள் விளங்கும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலான நாள்களில் துருவத்தை நோக்கிப் போவதில்லை. வடகிழக்கே திரும்பி, ஜப்பானை ஒட்டி, வடபசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. இதனால் 1,350 கிலோமீட்டர் கூடுகிறது. காற்று இல்லாவிட்டால் இந்த வழியில் 18 மணி நேரமும் 33 நிமிடமும் ஆகும். வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் அதுவே 17 மணி 24 நிமிடமாகக் குறைந்துவிடும். சராசரி 80 கிலோமீட்டர் கிடைத்தால், காற்றில்லாத துருவ வழியைவிட இந்த நீண்ட வழி விரைவானதாகிவிடும். விமான நிறுவனங்களின் வழித்திட்டப் பிரிவினர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் வானிலை முன்கணிப்பை வைத்துக்கொண்டு செய்கிற கணக்கு இதுதான். அவர்களுக்கு வேண்டியது மிகக் குறைந்த கிலோமீட்டர் அன்று. மிகக் குறைந்த நேரமும் எரிபொருளும்.

திரும்பும் பயணத்தில் நடப்பது எனக்கு இன்னும் வியப்பைத் தருகிறது. நியூயார்க்கிலிருந்து அதே பசிபிக் வழியாகத் திரும்பினால் அந்தக் காற்றை நெஞ்சில் தாங்கிக்கொண்டே வர வேண்டும். ஆகவே பல நாள்களில் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம் வழியாகச் சிங்கப்பூருக்கு வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால்தான் இந்த வசதி வாய்க்கிறது. போய்விட்டு வரும் பயணி, தனக்குத் தெரியாமலே உலகத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவிடுகிறார்.

காற்று சாதகமாக இருந்தாலும் வழி திறந்திருக்க வேண்டும். வான்வெளி அந்தந்த நாட்டுக்குச் சொந்தம்; அனுமதியும் கட்டணமும் இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது. 2022-இல் உக்ரைன் போரை அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்து விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. இதில் பெரிதும் அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம். ஹெல்சிங்கியிலிருந்து சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ போய்க்கொண்டிருந்த அதன் விமானம், இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்கிறது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மூடிக்கிடந்தபோது, 1983-இல் அதே நிறுவனம் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய வழி மறுபடி தேவைப்பட்டது. நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது: 2019-இல் சில மாதங்களும், 2025 ஏப்ரல் முதலும் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டதால், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. டெல்லிக்கும் லண்டனுக்கும் இடையிலான தொலைவு அந்த நாள்களில் ஓர் அடிகூட மாறவில்லை. பயண நேரம் மாறியது.

துருவ வழிக்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. இரண்டே எஞ்சின் கொண்ட விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆர்க்டிக் பகுதியில் அத்தகைய நிலையங்கள் மிகக் குறைவு. அத்துடன் குளிர். அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருள் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையிலும், பிற நாடுகளில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகையிலும் உறையத் தொடங்கும் என்பது தரவரையறை. வெளியே அதைவிடக் கடுமையான குளிர் பல மணி நேரம் நீடித்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் குளிர்ந்துகொண்டே வரும். விமானிகள் அதன் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருந்து, தேவைப்பட்டால் உயரத்தைக் குறைப்பார்கள் அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

எடைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. இந்த வழித்தடத்துக்கென்றே உருவான ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு) வகை விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். லிட்டருக்கு 800 கிராம் என்று கொண்டால் அது சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 280 டன். அதாவது தொட்டியை முழுதாக நிரப்பினால், ஓடுபாதையில் உருளும் எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருளாகத்தான் இருக்கும். அதில் ஒரு பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது. அதனால் வேறு எதையாவது குறைத்தாக வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வழக்கமான நெடுந்தொலைவு ஏ350-இல் 253 இருக்கைகள். இதிலோ 161 மட்டுமே. பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கறையும் பயன்பாட்டில் இல்லை. சாதாரண வருமானம் உள்ள ஒருவர் இந்த வழித்தடத்தில் இடைநில்லாமல் பயணம் செய்ய முடியாமல் போவதற்கு இந்த எடைக் கணக்கே அடிப்படைக் காரணம் என்பது எனக்கு வருத்தம் தரும் உண்மை.

இதே நிறுவனம் 2004-இலிருந்து 2013 வரை நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்களைக் கொண்டு நியூவார்க் சேவையை நடத்தியது. எரிபொருள் விலை ஏறியபோது அந்த நான்கு எஞ்சின்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, சேவை நின்றுபோனது. ஐந்து ஆண்டுகள் கழித்து, குறைவாக எரிக்கும் இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகே அது திரும்ப வந்தது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் நீண்டது. இடைப்பட்ட காலத்தில் இந்த இரு ஊர்களுக்கும் இடையே இடைநில்லாப் பயணமே இல்லாதிருந்ததற்குக் காரணம் தொலைவு அன்று, ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் இவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. அது வானில் பறக்கும் நேரம் மட்டும் அன்று; வாயிலிலிருந்து பின்னே தள்ளப்படுவது முதல் மறுமுனையில் வாயிலில் வந்து நிற்பது வரையிலான மொத்த நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்கும் முன் வட்டமிடுவது எல்லாம் இதில் அடங்கும். குறுந்தொலைவுப் பயணத்தில் இது நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். 900-ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம்கூட இல்லை. பயணச்சீட்டிலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். 18 மணி நேரப் பயணத்தில் அதே ஒரு மணி நேரம் கண்ணில் படாமல் கரைந்துவிடுகிறது. காற்று பருவத்துக்குப் பருவம் மாறுவதால் குளிர்கால அட்டவணையும் கோடைகால அட்டவணையும் வேறுவேறாக இருக்கும். மோசமான நாளிலும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தாராளமாகவே நேரத்தைக் குறிப்பதும் வழக்கம். அந்த முதல் விமானம் அறிவித்ததைவிடச் சீக்கிரம் இறங்கியதில் வியப்பேதும் இல்லை.

கடிகாரத்தையும் நம்ப முடியாது. நியூயார்க்கைவிடச் சிங்கப்பூர் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், கோடையில் 12 மணி நேரமும் முன்னே இருக்கிறது. ஜனவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் பறந்தவர், அதே திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார். கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது திங்கட்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பினால், கிட்டத்தட்ட அதே நேரம் பறந்துவிட்டுப் புதன்கிழமை விடியற்காலையில்தான் சிங்கப்பூரைக் காண்பார். செவ்வாய்க்கிழமையில் பெரும்பகுதி வானத்திலேயே கழிந்திருக்கும்.

நேரத்தையும் தொலைவையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இலங்கையின் காலி நகரை அடுத்த கொக்கலை ஏரியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்து, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தபோது, 1943-இலிருந்து 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா என்னும் கடல் விமானங்களைப் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே இயக்கியது. எதிரியின் காதில் விழாமலிருக்க வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். எரிபொருள் போக மீதி இடத்தில் சில கிலோ அஞ்சலும் மூன்று பயணிகளும் மட்டும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்ட பயணிகளுக்கு இரட்டைச் சூரியோதயம் என்ற பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள். பெர்த்திலிருந்து கொக்கலைக்கு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். சிங்கப்பூர் – நியூயார்க் தொலைவில் பாதியைக்கூட எட்டாது. காற்று எப்படி அமைந்ததோ அதைப் பொறுத்து அவர்கள் 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை வானில் இருந்தார்கள். சிட்னியிலிருந்து லண்டனுக்கு 22 மணி நேரம் வரை இடைநில்லாமல் பறக்கக் குவாண்டாஸ் இப்போது வகுத்துவரும் திட்டத்துக்குச் சூரியோதயத் திட்டம் என்று பெயர் வைத்திருப்பது அந்தக் கட்டலினாக்களை நினைத்துத்தான். அந்தத் திட்டம் நிறைவேறினாலும்கூட, இறங்காமல் வானில் கழித்த நேரத்தில் கொக்கலை விமானங்களை அது மிஞ்சாது.